ஆப்பிரிக்கக் காட்டுப் பட்டுப்பூச்சிக்குப் பெயர் வைப்பது எப்படி?

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் செம்மண் தரையில் ஊர்ந்து வரும் சிவப்பு வெல்வெட் பூச்சியைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் வைத்து வளர்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர். பல ஊர்களில் அதன் பெயர் பட்டுப்பூச்சி. அது பட்டு நூற்பதில்லை. எட்டுக் கால் உள்ள அது கணக்குப்படி பூச்சியும் இல்லை. சிலந்திக்கும் உண்ணிக்கும் சொந்தம். தொட்டால் பட்டுப்போல் இருப்பதால் வந்த பெயர். காஞ்சிபுரம் புடவைக்கு நூல் கொடுக்கும் உயிருக்கும் அதே பெயர்தான். பேச்சில் இதனால் ஒரு குழப்பமும் வருவதில்லை. யார், எங்கே, எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதிலிருந்தே புரிந்துகொள்கிறோம்.

அறிவியலுக்கு அந்தச் சலுகை கிடையாது. போட்ஸ்வானாவில் ஒருவர் ஒரு பூச்சியைப் பற்றி எழுதுகிறார். கென்யாவில் ஒருவர் அதைப் படிக்கிறார். இருவரும் ஒரே உயிரைத்தான் சொல்கிறார்கள் என்பதற்கு அந்தப் பெயர் ஒன்றுதான் பிடிமானம். முகம் பார்த்துப் புரிந்துகொள்ள வழியில்லை.

“ஆப்பிரிக்காவில் புதிய பட்டுப்பூச்சி இனம் கண்டுபிடிப்பு” என்ற மாதிரியான செய்தியைப் படிக்கும்போது இரண்டு தவறான எண்ணங்கள் நமக்குள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. பட்டுப்பூச்சி என்பது ஒரே வகை உயிர் என்பது ஒன்று. யாரோ ஒருவர் காட்டுக்குப் போனார், இதுவரை யாரும் பார்க்காத ஒன்றைப் பிடித்தார், அன்றோடு வேலை முடிந்தது என்பது இன்னொன்று. இரண்டும் சரியல்ல. காட்டில் பூச்சி கிடைப்பது வேலையின் தொடக்கம் மட்டுமே. பல சமயம் அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அதை அறிந்திருப்பார்கள். அருங்காட்சியக இழுப்பறையில் அது ஐம்பது வருடமாகக் குத்தி வைக்கப்பட்டிருக்கவும் கூடும். “இது தனி இனம்” என்று சான்றுகளோடு நிறுவி, பெயரிட்டு, வெளியிடுவதுதான் உண்மையான வேலை. அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

பட்டு நூற்பவை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் அல்ல

பட்டு என்பது புழு தன் உடலுக்குள் இருக்கும் சுரப்பியில் உண்டாக்கி, வாயருகே உள்ள துளை வழியாக இழுத்து விடும் புரத நூல். அந்துப்பூச்சிகளின் புழுக்கள் பலவற்றுக்கு இந்தத் திறமை உண்டு. அந்துப்பூச்சி என்பது வண்ணத்துப்பூச்சிக்கு நெருங்கிய உறவு. பெரும்பாலும் இரவில் பறப்பது, விளக்கொளிக்கு வருவது. நாம் உடுத்தும் பட்டில் பெரும்பகுதி, மல்பெரி இலை தின்னும் பாம்பிக்ஸ் மோரி என்ற ஒரே ஒரு அந்துப்பூச்சியின் புழு தருவது. மனிதர்கள் பல ஆயிரம் ஆண்டுகள் வளர்த்ததில் அது பறக்கும் திறனையே இழந்துவிட்டது. காட்டில் அதற்கு வாழ்க்கையில்லை.

ஆப்பிரிக்காவின் கதை வேறு. அங்கே மனிதர்கள் பயன்படுத்திவரும் காட்டுப் பட்டு, ஒன்றுக்கொன்று தூரத்து உறவான குடும்பங்களிலிருந்து வருகிறது. தெற்கே கலஹாரி என்ற வறண்ட மணல்வெளியிலும் மொபானி மரக் காடுகளிலும் கோனோமெட்டா என்ற அந்து. மடகாஸ்கரில் தாபியா மரங்களில் வாழும் போரோசெரா. லாண்டிபே என்று மக்கள் அழைக்கும் அதன் பட்டில் இறந்தவர்களைப் போர்த்தும் துணி நெய்யப்பட்டது. இவை இரண்டும் லேசியோகேம்பிடே குடும்பம். கிரேக்க மொழியில் ‘மயிரடர்ந்த புழு’ என்று பொருள்; புழுவைப் பார்த்தவர் யாரும் மறுக்க மாட்டார்கள். நைஜீரியாவில் யொருபா மக்கள் சான்யான் என்ற பழுப்பு நிறத் துணிக்குப் பயன்படுத்திய அனாஃபே முற்றிலும் வேறு கிளை. அதன் புழுக்கள் தனித்தனியே கூடு கட்டுவதில்லை. நூற்றுக்கணக்கானவை ஒன்றுசேர்ந்து ஒரு பெரிய பொதுப் பையை நூற்று, அதற்குள் ஆளுக்கொரு கூடு போட்டுக்கொள்கின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த முரண் ஒன்று உண்டு. டஸ்ஸர், எரி, மூகா ஆகிய நம் நாட்டுப் பட்டுகளைத் தரும் அந்துகள் சாட்டர்னிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தையே ‘பெரும் பட்டு அந்துகள்’ என்றுதான் அழைப்பார்கள். தெற்கு ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் பிடித்துக் காயவைத்துச் சாப்பிடும் மொபானிப் புழுவும் இதே குடும்பம். ஆனால் அது பட்டுக்கூடே கட்டுவதில்லை. மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடுகிறது. பட்டு அந்து என்ற பெயருள்ள குடும்பத்தில் பட்டுக்கூடு கட்டாத ஒன்று. அந்தப் பெயரே இல்லாத குடும்பத்தில் அருமையான பட்டு தரும் ஒன்று.

ஆக, பட்டுப்பூச்சி என்பது ஒரு தொழிலின் பெயர். ‘கொத்தனார்’ என்று சொன்னால் அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாதல்லவா? அதைப் போல. உறவு முறை தெரிய வேண்டுமானால் வேறு சான்றுகள் வேண்டும்.

ஒரு கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால்

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் உயிரைப் பிடித்துக்கொள்வோம். கோனோமெட்டா பேரினத்தில் தெற்கு ஆப்பிரிக்காவில் பட்டுக்காகப் பேசப்படுபவை இரண்டு: கோனோமெட்டா போஸ்டிகா, கோனோமெட்டா ரூஃபோப்ரூனியா. பேரினம் என்பது நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின், அதாவது தனித்தனி இனங்களின், தொகுப்பு. பெயரின் முதல் சொல் அதைத்தான் குறிக்கிறது.

போஸ்டிகாவின் புழு முக்கியமாக வேல மரங்களைத் தின்கிறது. கலஹாரியில் நிற்கும் ஒட்டகமுள் மரம் அதற்கு விருப்பமானது. நம் கருவேலத்தின் நெருங்கிய உறவு அந்த மரம். ரூஃபோப்ரூனியா, மந்தாரை இலைபோல் இரண்டு மடலாக விரிந்த இலையுள்ள மொபானி மரத்தில் வாழ்கிறது.

கூடு ஏறக்குறைய கட்டைவிரல் அளவில், முட்டை வடிவத்தில் கிளையோடு கெட்டியாக ஒட்டியிருக்கும். மல்பெரிக் கூட்டின் மென்மையை எதிர்பார்த்துத் தொட்டால் ஏமாந்துபோவோம். மேலே சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு படிவு: கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். அதனால் கூடு ஓடுபோல் விறைப்பாக இருக்கிறது. விரலை அழுத்தித் தேய்த்தால் சுருக்கென்று குத்தும். புழு தன் உடம்பிலிருந்த நமைச்சல் மயிர்களையும் கூட்டுச் சுவரில் சேர்த்து நெய்து வைத்திருக்கிறது. கலஹாரியின் பழங்குடிகளான சான் மக்கள் இந்தக் காலிக் கூடுகளுக்குள் சிறு கற்களையோ தீக்கோழி முட்டை ஓட்டின் துண்டுகளையோ போட்டு, வரிசையாகக் கோத்துக் கால் சலங்கையாகக் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். அந்த விறைப்பு இல்லாவிட்டால் ஓசை எழாது. அதே விறைப்புதான் இழையை நீளமாகப் பிரித்தெடுக்க முடியாமல் செய்கிறது. அந்தக் கனிமப் பூச்சை மட்டும் கரைத்து நீக்கினால் மல்பெரிக் கூட்டைப் போலவே இழை பிரிக்க முடியும் என்பது 2011இல்தான் காட்டப்பட்டது.

இந்தக் கூட்டில் ஆபத்தும் உண்டு. வறட்சிக் காலத்தில் மரத்தடியில் மேயும் மாடுகள் காய்களோடு சேர்த்துக் கூடுகளையும் மென்று விழுங்கிவிடுகின்றன. பட்டு செரிப்பதில்லை, இரைப்பையில் திரண்டு அடைத்துக்கொண்டு மாட்டைக் கொல்கிறது. ஆகவே எந்த அந்து, எந்த மரத்தில், எந்த மாதத்தில் கூடு கட்டும் என்பது மாடு வைத்திருப்பவருக்கு ஏட்டுக் கேள்வி அல்ல.

இனி இப்படிக் கற்பனை செய்துகொள்வோம். இதே போன்ற ஒரு கூடு, இதுவரை யாரும் பதிவு செய்யாத ஒரு மரத்தில், இரண்டு சிற்றினங்களின் எல்லைக்கும் வெளியே கிடைக்கிறது. கூட்டைக் கொண்டுவந்து வலையிட்ட பெட்டியில் வைக்கிறீர்கள். குளிர்காலம் முழுவதும் அசைவே இல்லை. ஒரு நாள் உள்ளே சலசலப்பு. வெளியே வருவது அந்தாக இல்லாமல் ஒட்டுண்ணிக் குளவியாகவோ ஈயாகவோ இருக்கலாம். இந்தக் கூடுகளுக்குள் அவை நிறையக் குடியிருக்கின்றன. அதிர்ஷ்டம் இருந்தால் பழுப்பு நிறத்தில் கம்பளிபோல் மயிரடர்ந்த ஓர் அந்து வரும். அதற்கு உண்ணும் வாய் கிடையாது. புழுப் பருவத்தில் சேர்த்த கொழுப்பைச் செலவழித்தே சில நாட்கள் வாழ்ந்து, இணைந்து, முட்டையிட்டு முடிந்துபோகும். கூடு, புழு, அந்து மூன்றும் ஒரே உயிர்தான் என்று காட்ட இப்படி வளர்த்துப் பார்ப்பதைப் போல உறுதியான வழி வேறில்லை. பழைய காலத்து விவரிப்புகள் பல, செத்துக் காய்ந்த அந்தை மட்டும் பார்த்து எழுதப்பட்டவை. அந்தப் புழு எது, அது எந்த இலையைத் தின்றது என்பதெல்லாம் வெகு காலம் கழித்தே தெரியவந்தன.

சிற்றினம் என்பதை எங்கே கோடு போட்டுப் பிரிப்பது?

இயல்பான சூழலில் தங்களுக்குள் இணைந்து, வளமான சந்ததியை உண்டாக்கும் உயிர்களின் கூட்டம் சிற்றினம். பள்ளிப் பாடத்தில் படித்த இந்த விளக்கம் போதுமானது. ஆனால் கலஹாரி இரவில் இரண்டு அந்துகள் இணைகின்றனவா, அவற்றின் பிள்ளைகள் வளமானவையா என்று போய்ப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் மறைமுகச் சான்றுகளைத் தேடுகிறோம். இரண்டு கூட்டங்கள் பல தலைமுறையாகக் கலக்காமல் இருந்தால் உடலமைப்பிலும் மரபணுவிலும் பழக்கத்திலும் வேறுபாடுகள் சேர்ந்துகொண்டே போகும். அந்தச் சேர்மானம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வேறுபாடு இருந்தால் மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள். சேவலையும் கோழியையும் முன்பின் பார்த்திராதவர் இரண்டு தனி இனம் என்று சத்தியம் செய்வார். கோனோமெட்டாவில் பெண் அந்து ஆணைவிடப் பெரியது. கூட்டின் அளவை வைத்தே உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மொபானிப் புழுவின் அந்து பச்சை, பழுப்பு, செம்மை என்று பல நிறச்சாயல்களில் வருகிறது. எல்லாம் ஒரே சிற்றினம். மழைக்காலத்தில் பிறப்பதும் வறண்ட காலத்தில் பிறப்பதும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் பூச்சிகளும் உண்டு. ஒரே ஒரு அந்தை வைத்துக்கொண்டு “புதியது” என்று அறிவிப்பவரை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஒரு கூட்டத்துக்குள் எவ்வளவு வேறுபாடு சகஜம் என்று தெரிந்த பிறகே, இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் உள்ள வேறுபாட்டுக்கு அர்த்தம் வரும்.

சுருக்கமாக: ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாடு, இரண்டு கூட்டங்களுக்கு இடையே உள்ள இடைவெளி. இரண்டையும் அளந்து, இடைவெளி பெரிது என்று காட்டுவதே அடையாளம் காணும் வேலை.

இறக்கையில் தொடங்கி வயிற்றின் நுனியில் முடியும் பரிசோதனை

முதலில் கண்ணுக்குத் தெரிவதைப் பார்க்கிறார்கள்: இறக்கையின் நீளம், நரம்புகள் ஓடும் விதம், பட்டைகளும் புள்ளிகளும், ஆணின் உணர்கொம்பில் உள்ள சீப்புப் பற்கள். பேரினம்வரை இது பெரும்பாலும் கொண்டுபோய் விட்டுவிடும். அதற்குப் பிறகு நிறம் ஏமாற்றும். பழுப்பு அந்துகளின் குடும்பத்தில் எல்லாமே பழுப்புதான்.

தீர்மானமான சான்று பெரும்பாலும் வயிற்றின் கடைசிப் பகுதியில், இனப்பெருக்க உறுப்புகளில் இருக்கிறது. கேட்கும்போது விசித்திரமாக இருக்கும். செய்துபார்க்கும்போது அதைவிட அழகான வேலை கிடையாது. காய்ந்த அந்தின் வயிற்றை மெல்ல உடைத்து எடுத்து, சோதனைக் குழாயில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போடுகிறார்கள். வெந்நீரில் குழாயை நிறுத்திச் சூடாக்கினால் கொழுப்பும் தசையும் கரைந்து, கரைசல் தேநீர்போல் மங்குகிறது. மிஞ்சுவது கண்ணாடிபோன்ற தோல் பையும், அதன் நுனியில் தேன் நிறத்தில் கெட்டியான சில தகடுகளும் கொக்கிகளும். நீரில் கழுவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மெல்லிய தூரிகையால் செதில்களைத் தள்ளிவிட்டு, ஊசி முனையால் அந்தத் தகடுகளைப் பூ இதழ்களை விரிப்பதுபோல் விரிக்கிறார்கள். ஆணுக்கு இரண்டு பக்கமும் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் பிடிகள் இருக்கின்றன. அவற்றின் வளைவும், ஓரத்தில் முள் உண்டா இல்லையா என்பதும், நடுக்குழலின் நுனி எப்படி முடிகிறது என்பதும் ஒரே சிற்றினத்துக்குள் பெரிதாக மாறுவதில்லை. பக்கத்துச் சிற்றினத்தில் பளிச்சென்று மாறிவிடுகின்றன.

இதைப் பூட்டும் சாவியும் என்று ஒப்பிடுவார்கள். இந்த ஒப்பீட்டை முழுதாக நம்ப வேண்டாம். தவறான சாவி சில சமயம் நுழைந்தும் விடுகிறது. ஆனால் இரண்டு சாவிகள் ஒரே பட்டறையில் செய்தவையா என்று பார்க்க அது நல்ல வழி.

உறுப்பைத் தனியாக எடுத்து வைத்த குப்பிக்கு ஓர் எண், அந்தின் ஊசியிலும் அதே எண். அந்தச் சிறு காகிதத் துண்டு தொலைந்தால் இரண்டும் அநாதை.

டிஎன்ஏ பார்கோடு: எவ்வளவு நம்பலாம்?

கடையில் பொருளின் பட்டைக்கோட்டை வருடினால் அது எது என்று தெரிந்துவிடுவதுபோல, உயிர்களுக்கும் ஒரு குறியீடு இருக்கிறதா? கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் அவருடைய குழுவினரும் 2003இல் முன்வைத்த யோசனை இதுதான். செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு குறிப்பிட்ட மரபணுவிலிருந்து 658 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் படித்தால் போதும். அதற்கு அந்தின் ஒரு காலை எடுத்தால் சரி. இறக்கைக்கும் உடலுக்கும் சேதமில்லை.

இது பெரிய உதவி. பார்த்தால் ஒன்றுபோலவே இருந்து, உள்ளே தனித்தனியாகப் பிரிந்துபோன சிற்றினங்களை மறை சிற்றினங்கள் என்பார்கள். அவற்றின் இருப்பைப் பல முறை முதலில் காட்டிக்கொடுத்தது பார்கோடுதான். புழுவையும் அந்தையும் வளர்க்காமலே இணைக்கவும் அது உதவுகிறது.

ஆனால் அதைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது தவறு. அந்த மரபணு தாய்வழியில் மட்டுமே இறங்குகிறது. தாய்வழியில் மட்டும் வரும் குடும்பப் பெயரைப் பார்த்து ஒருவருடைய முழு வம்சத்தையும் சொல்ல முடியுமா? முன்னொரு காலத்தில் இரண்டு சிற்றினங்கள் கலந்திருந்தால் ஒன்றின் தாய்வழிக் குறியீடு மற்றதில் குடியேறியிருக்கும். இரண்டு மூன்று சதவீத வேறுபாடு இருந்தால் தனிச் சிற்றினம் என்பது கை வைத்துப் பார்க்கும் மதிப்பீடுதான், விதி அல்ல. வேறு சான்று எதுவும் இல்லாமல் பார்கோடு வேறுபாட்டை மட்டும் காட்டிப் புதிய பெயர்களை அடுக்கும் போக்கு பட்டு அந்துகளின் உலகத்தில் மட்டுமல்ல, வேறு குழுக்களிலும் இருக்கிறது. பார்கோடு ஒரு கேள்வியை எழுப்புகிறது. உடலமைப்பும் உணவு மரமும் பரவலும் அதற்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் விடை.

பெயர் வைக்கும் முன் வில்லங்கம் பார்க்க வேண்டும்

நிலம் வாங்குபவர் வில்லங்கச் சான்று எடுக்காமல் முன்பணம் கொடுப்பாரா? அதே நிலத்தை யாராவது ஏற்கெனவே எழுதி வாங்கியிருந்தால் பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை. உயிர்களின் பெயரிலும் அப்படித்தான். இங்கே தேட வேண்டியது முப்பது வருடம் அல்ல. 1758 வரை பின்னோக்கிப் போக வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் வெளியிட்ட உயிர்களின் பட்டியலின் பத்தாம் பதிப்பு அந்த ஆண்டில் வந்தது. விலங்குகளின் இருசொல் பெயர்களுக்கு அதுதான் தொடக்கக் கோடு. மல்பெரிப் பட்டு அந்துக்கு மோரி என்ற பெயரும் அதில்தான் கிடைத்தது.

ஒரே உயிருக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்திருந்தால் முந்தியதே நிற்கும். இது முன்னுரிமை விதி. பிந்தியதை இணைப்பெயர் என்று ஒதுக்கி வைப்பார்கள். அழித்துவிட மாட்டார்கள், பட்டியலில் அது என்றைக்கும் இருக்கும்.

இந்த விதி ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் போஸ்டிகாவுக்குப் பெயர் வைத்தவரையே உதாரணம் காட்டலாம். பிரான்சிஸ் வாக்கர் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்காகப் பல ஆண்டுகள் பூச்சிப் பட்டியல்கள் தயாரித்தவர். உலகின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் கப்பலில் வந்து குவிந்த பூச்சிகளுக்கு ஆயிரக்கணக்கில் பெயர் வைத்தார். வேகம் அதிகம், விவரிப்பு சுருக்கம். ஒரே சிற்றினத்துக்கு அவரே வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு பெயர் கொடுத்ததும் உண்டு. 1874இல் அவர் இறந்தபோது, பூச்சியியலுக்கு அவர் செய்த தீங்கைச் சொல்லி ஓர் இரங்கல் குறிப்பே கடுமையாகச் சாடியது. அது நியாயமில்லை என்பது என் எண்ணம். அவர் பெயரிட்ட பூச்சிகள் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. நான்கு வரி விவரிப்பு போதாதபோது இழுப்பறையைத் திறந்து அந்தப் பூச்சியையே பார்க்க முடிகிறது. பெயர் வைக்கும் முறையில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு அதுதான்.

மூலப்பத்திரம் போன்ற ஒரு பூச்சி

ஒரு நிலத்தைப் பற்றி எத்தனை பேர் எத்தனை விதமாகப் பேசினாலும் தகராறு வந்தால் மூலப்பத்திரத்தை எடுத்து வா என்பார்கள். சிற்றினத்தின் மூலப்பத்திரம் ஒரு காகிதம் அல்ல, ஒரு பூச்சி. அதற்கு ஹோலோடைப் என்று பெயர்: புதிய சிற்றினத்தை வெளியிடுபவர் “இந்தப் பெயர் இந்த ஒரு மாதிரிக்கு உரியது” என்று சுட்டிக்காட்டும் ஒற்றை உயிர். அதோடு ஆராய்ந்த மற்ற மாதிரிகள் பாராடைப்புகள். வழக்கமாக ஹோலோடைப்புக்குச் சிவப்புச் சீட்டு குத்துவார்கள்.

ஹோலோடைப் அந்தச் சிற்றினத்தின் மிக அழகான அல்லது சராசரியான பிரதிநிதியாக இருக்க வேண்டியதில்லை. இறக்கை கிழிந்ததாகக்கூட இருக்கலாம். அதன் பணி பெயரைத் தாங்குவது மட்டுமே. நாளைக்கு யாராவது “நீங்கள் ஒன்று என்று நினைத்தது உண்மையில் இரண்டு” என்று நிரூபித்தால், பழைய பெயர் எந்தப் பாதிக்குப் போகும்? ஹோலோடைப் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்துக்கு.

ஊசியின் கீழே இருக்கும் சிறு சீட்டுதான் அந்தப் பூச்சியின் சர்வே எண். இடம், நாள், உயரம், பிடித்தவர், பிடித்த விதம். பழைய சீட்டுகள் சிலவற்றில் “தென் ஆப்பிரிக்கா” என்று மட்டும் இருக்கும். அவ்வளவு பெரிய நிலப்பரப்பில் எந்த மரத்தடி என்று தேடுவது? இன்றைக்கு ஜிபிஎஸ் எண்ணும் எழுதுகிறார்கள்.

ஒரு வருத்தத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆப்பிரிக்க அந்துகளின் பழைய மூலமாதிரிகளில் பெரும்பகுதி லண்டன், பெர்லின், பாரிஸ், பெல்ஜியத்தின் டெர்வூரன் போன்ற ஐரோப்பிய நகரங்களில் இருக்கின்றன. தன் வீட்டு வேலமரத்தில் கூடு கட்டும் பூச்சியைச் சரிபார்க்க, போட்ஸ்வானா ஆய்வாளர் கண்டம் கடந்து போக வேண்டியிருக்கிறது, அல்லது படங்களுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா உடன்படிக்கைக்குப் பிறகு மரபணு வளங்களைப் பயன்படுத்த அந்தந்த நாட்டின் அனுமதி பெறும் முறை வலுப்பெற்றிருக்கிறது. புதிய ஹோலோடைப்புகளை ப்ரிட்டோரியா, நைரோபி போன்ற இடங்களிலுள்ள தேசிய அருங்காட்சியகங்களில் வைக்க வேண்டும் என்ற எண்ணமும் வளர்ந்திருக்கிறது. அப்படி வைப்பதே நியாயம்.

எழுதி வெளியிடுவது

சான்றுகள் சேர்ந்தாகிவிட்டன, வில்லங்கம் பார்த்தாகிவிட்டது, ஹோலோடைப் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. இனி எழுத வேண்டும். கட்டுரையில் இரண்டு பகுதி முக்கியம். தலை முதல் வால் வரை உள்ளதைச் சொல்வது விவரிப்பு. நெருங்கிய உறவினங்களிலிருந்து இதை எது பிரிக்கிறது என்று மட்டும் சொல்வது வேறுபாட்டுக் குறிப்பு. “பழுப்பு நிறம், மயிரடர்ந்த உடல்” என்பது விவரிப்பில் வரலாம். அது எல்லா உறவினங்களுக்கும் பொருந்துவதால் வேறுபாட்டுக் குறிப்பில் அதற்கு வேலையில்லை. தொலைந்துபோன ஆட்டைத் தேடுபவர் “நாலு கால், இரண்டு காது” என்று அடையாளம் சொல்வாரா? நெற்றியில் உள்ள வெள்ளைச் சுட்டியைத்தானே சொல்வார்.

விலங்கியல் பெயரிடலுக்கென்று ஒரு சர்வதேச விதித்தொகுப்பு இருக்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள அதன் நான்காம் பதிப்பின்படி, பெயர் புதிது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், பெயர்தாங்கும் மாதிரியைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியிட 2012 முதல் வழி உண்டு. ஜூபேங்க் என்ற பதிவேட்டில் முன்கூட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும்.

இங்கேதான் மிகப் பெரிய தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. முறைப்படி வெளியான பெயர் என்றால் உலக அறிவியலே அதை ஒப்புக்கொண்டது என்று நினைக்கிறோம். இல்லை. பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதிகிறது. நிலத்தின் மேல் உங்களுக்கு உள்ள உரிமை செல்லுமா என்ற வழக்கை அது தீர்ப்பதில்லை. விதித்தொகுப்பும் பெயர் ஒழுங்காக உண்டாக்கப்பட்டதா என்று மட்டுமே பார்க்கிறது. சிற்றினம் உண்மையில் தனியானதா என்பது ஒரு வாதம். அடுத்த ஆய்வாளர் புதிய மாதிரிகளைக் கொண்டுவந்து அதை உடைக்கலாம், உறுதிப்படுத்தலாம்.

பெயருக்கு அர்த்தம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, இருந்தால் நல்லது. ரூஃபோப்ரூனியா என்றால் லத்தீனில் ‘செம்பழுப்பு’. 1920களில் ஸ்வீடனின் கிறிஸ்டோஃபர் ஔரிவில்லியஸ் வைத்தது. மடகாஸ்கரின் போரோசெரா கஜானியின் பெயர் நமக்கு நெருக்கமானது. துவரையின் தாவரவியல் பெயர் கஜானஸ். அந்தப் புழு துவரைச் செடியிலும் வாழும். 1863இல் ஔகுஸ்த் வின்சன் அதைப் பெயரிலேயே பதித்துவிட்டார். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளும் வழக்கம் மட்டும் இல்லை.

பெயர் பிசகினால்

நைஜீரியாவின் தென்மேற்கில் மழைக்காலத்தில் மக்களுக்குத் திடீரென்று கைகால் நடுக்கமும் தள்ளாட்டமும் வரும். காரணத்தைத் தேடியபோது, புரதத்துக்காக அவர்கள் வறுத்துச் சாப்பிட்ட அனாஃபே புழுவில் போய் நின்றது. பட்டுப்பை கட்டும் அனாஃபே வெனாட்டாவின் புழுவில் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது. சூட்டிலும் அது எளிதில் அழிவதில்லை. ஏற்கெனவே சத்துக் குறைவாகச் சாப்பிடுபவர்களுக்கு அது போதும், நரம்பு தளர்ந்துவிடும். வைட்டமின் பி1 கொடுத்தால் குணமாகிறது. மொபானிப் புழுவைத் தெற்கே லட்சக்கணக்கானோர் கவலையின்றிச் சாப்பிடுகிறார்கள். “ஆப்பிரிக்கர்கள் பட்டுப்புழு சாப்பிடுகிறார்கள்” என்று பொதுவாக எழுதிவிட்டுப் போனால் எந்தப் புழு உணவு, எந்தப் புழுவிடம் எச்சரிக்கை தேவை என்று தெரியாமல் போகும்.

பட்டுத் தொழிலிலும் அப்படித்தான். கோனோமெட்டா ஒரு வருடம் மரமெல்லாம் கூடாகக் குவியும், அடுத்த சில வருடங்களில் தேடினாலும் கிடைக்காது. கென்யாவின் முவிங்கி பகுதியிலும் போஸ்டிகா என்ற பெயரில் கூடுகள் சேகரிக்கப்படுகின்றன. கலஹாரியில் தெரிந்துகொண்ட பருவக் கணக்கையும் ஒட்டுண்ணிப் பட்டியலையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள முவிங்கிக்குக் கொண்டுபோகலாமா என்பது, இரண்டு இடத்திலும் அந்தப் பெயர் ஒரே உயிரைக் குறிக்கிறதா என்பதைப் பொறுத்தது.

இப்போது இந்த வரியைப் படித்துப் பாருங்கள்

அருங்காட்சியகச் சீட்டில் இப்படி இருக்கும்: கோனோமெட்டா போஸ்டிகா வாக்கர், 1855.

முதல் சொல் பேரினம். இரண்டாவது சிற்றினத்துக்கு உரிய சொல். ‘பின்புறத்தது’ என்று பொருள். மூன்றாவது பெயரிட்டவர், பிறகு வெளியான ஆண்டு. அதே இழுப்பறையில் பக்கத்து வரிசையில் மொபானிப் புழுவின் அந்து: கோனிம்ப்ரேசியா பெலினா (வெஸ்ட்வுட், 1849). இங்கே மட்டும் ஏன் அடைப்புக்குறி? வெஸ்ட்வுட் இதை வேறொரு பேரினத்தில் வைத்துப் பெயரிட்டார். பிறகு வந்தவர்கள் ஆராய்ந்து இந்தப் பேரினத்துக்கு மாற்றினார்கள். பெலினா என்ற சொல்லும் 1849 என்ற ஆண்டும் அவருடையவையாகவே நிற்கின்றன. வீடு மாறியதை அந்த இரண்டு வளைவுகள் சொல்கின்றன. வாக்கரின் பெயரைச் சுற்றி அவை இல்லை. அவர் 1855இல் வைத்த பேரினத்திலேயே போஸ்டிகா இன்றும் இருக்கிறது.